மூக்குத் தீவுப் படையெடுப்பு

என் அன்பு எதிரிக்கு,

நானும் நம் வாலுப்பெண்ணும் நல்ல சுகம். என் கப்பல்களுக்குத்தான் சுகமில்லை. அதற்குக் காரணமான உன் விமானங்களும் அவற்றை ஏவிய நீயும் நலமாகவே இருப்பீர்கள் என்று தெரியும். இருந்தாலும் மரியாதைக்குக் கேட்டு வைக்கிறேன்.

சண்டை போட ஆளில்லாமல் உங்களுக்குப் பொழுது போகாது என்று சொல்லி, புது வேலைக்காக அந்த ஊருக்குக் கிளம்பும் அவசரத்திலும் இந்தப் போர் விளையாட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாய். நீ ஜப்பான், நான் அமெரிக்கா, நடுவே பசிபிக் பெருங்கடல். ஆளுக்கொரு நகர்வு, கடிதத்தோடு மின்னஞ்சலில். மற்ற புருஷன் பெண்டாட்டி வாயால் போடுவதை நாம் போர்க்கப்பல் வைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் முதல் படையெடுப்பிலேயே முகத்தில் கரியைப் பூசுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அந்த மூக்குத் தீவு விஷயத்தைச் சொல்கிறேன். (பெயர் வாலு வைத்தது. வரைபடத்தில் சளி பிடித்த மூக்கு மாதிரியே இருக்கிறதாம்.) எத்தனை கப்பல், எத்தனை ஆட்கள், எவ்வளவு எண்ணெய் என்று பார்த்துப் பார்த்து ஏற்றி அனுப்பினேன். போன கப்பல்கள் கரைக்குப் பக்கத்தில் போய், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் போல நின்றுகொண்டிருந்தன. ஒரு ஆள் இறங்கவில்லை. நீ வந்து ஆற அமரக் குண்டு போட்டாய். ஏன் இறங்கவில்லை என்று தேடிப் பார்த்தால், நான் அவற்றைச் சாதாரணச் சரக்குக் கப்பல்களாக அனுப்பியிருக்கிறேன். சரக்குக் கப்பலுக்கு ஒழுங்கான துறைமுகம் வேண்டுமாம். எதிரி உட்கார்ந்திருக்கும் வெறும் மணலில் இறங்க, படகுகளோடு கரையேற்றும் அணி என்று தனியாக உத்தரவு போட வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனை ஸ்டோரிலிருந்து நான் அனுப்பும் பஞ்சுக்கும் மருந்துக்கும் எந்த வார்டும் இதுவரை கதவைச் சாத்தியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து சுடுகிற வார்டுக்குச் சாமான் அனுப்புவது எப்படி என்று யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

வீட்டுச் செய்தி: வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. 'ச' வரவில்லை, ஆனாலும் பேச்சு குறையவில்லை. பரிசோதனைக் கூடத்தில் உன் இடத்துக்கு வந்த பெண் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே பாடுகிறாள். சுருதி சேரவில்லை. நீ இருந்தபோது அந்த வராந்தா எவ்வளவு அமைதியாக இருந்தது என்று எக்ஸ்ரேக்காரர் பெருமூச்சு விடுகிறார். நானும்தான்.

அங்கே அந்த ஒரு அறை வீட்டிலேயே இருந்துவிடுவதா, மாடியில் காலியாகும் இரண்டு அறை வீட்டை எடுப்பதா என்று கேட்டிருந்தாய். நாங்கள் வருகிறோமா இல்லையா என்பதைத்தான் அப்படிச் சுற்றிக் கேட்கிறாய் என்று புரியாமல் இல்லை. வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல். யோசித்துச் சொல்கிறேன்.

குண்டடி பட்டு நிற்கும்,
உன் கடற்படைத் தளபதி


அன்புள்ள ஜப்பானுக்கு,

வாலு உனக்கு ஒரு முத்தம் அனுப்பச் சொன்னாள். இணைப்பில் அதை எப்படிச் சேர்ப்பது என்று தெரியாததால் இங்கேயே எழுதி வைக்கிறேன், எடுத்துக்கொள்.

உன் கிண்டல் கிடைத்தது. அலை ஓய்ந்த பிறகு குளிக்கலாம் என்று கரையில் உட்கார்ந்திருக்கும் ஆள் நீங்கள் என்று எழுதியிருந்தாய். கோபம் வந்தது. அது உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. என் பின்தளத் துறைமுகத்தை நீ பார்க்க வேண்டும்! உணவு, எண்ணெய், தோட்டா எல்லாம் மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிறேன். ஸ்டோர்க்காரன் புத்தி எங்கே போகும்? அலமாரியில் ஒரு தட்டு காலியாகத் தெரிந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் இந்தப் பாழாய்ப்போன விளையாட்டில் சின்னத் துறைமுகத்தில் அளவுக்கு மேல் குவித்தால் சரக்கு தானாகக் கெட்டுப்போகிறது. முன்னணியில் இருப்பவன் பசியில் கிடக்க, பின்னால் நான் குவித்தது வீணாகிக்கொண்டிருக்கிறது. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஒரு படையை இன்ன தீவுக்கு என்று குறித்து வைத்தால், அது நாளுக்கு நாள் அந்தத் தீவுக்காகத் தயாராகிறது. எத்தனை சதவீதம் தயார் என்று திரையிலேயே காட்டுகிறது. எல்லாப் படையும் நூறு சதவீதம் ஆகட்டும் என்று காத்திருந்தேன். நான் காத்திருந்த நேரத்தில் நீ அந்த மூக்கு முழுக்கப் பதுங்குகுழி வெட்டிவிட்டாய். நான் நூறு ஆவதற்குள் நீ இருநூறு ஆகிவிடுகிறாய், அடிப்பாவி!

அதனால் ரோஷம் வந்து ஒரே ஒரு படையை மட்டும், அரைகுறைத் தயாரிப்போடு, இந்த முறை ஒழுங்காகக் கரையேற்றும் உத்தரவு போட்டு இறக்கினேன். இறங்கிவிட்டார்கள்! மணலில் ஒரு துண்டு இப்போது என்னுடையது. வாலு வீடு முழுக்க ஓடிக் கத்தினாள். மற்ற படைகளை இன்னும் அனுப்பவில்லை. ஸ்டோர் கொஞ்சம் நிறையட்டும், பிறகு அனுப்பலாம்.

உனக்குக் காய்ச்சல் வந்ததை, அது வந்து போன பிறகு ஒரு வரியில் சொல்கிறாய். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லாமல் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டதாக அதையும் சிரிப்பாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டு விஷயத்துக்கு இன்னும் பதில் இல்லையே என்று கேட்டிருந்தாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே. இருக்கிற வேலையை விட்டுவிட்டு வெறுங்கையோடு வர முடியுமா? இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். வாலுவுக்கும் இந்த வகுப்பு முடியட்டும். அவசரப்பட்டு அகலக் கால் வைக்க வேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். பிஸ்கட் எல்லாம் ஒரு சாப்பாடு ஆகாது.

மணலில் கால் பதித்த,
உன் தளபதி


அன்புள்ளவளுக்கு,

இந்த முறை நீ அனுப்பிய நகர்வோடு ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாய். இறங்கினவர்களை இன்னும் எத்தனை நாள் தனியாக விட்டு வைக்கப்போகிறீர்கள் என்று.

காலையில் ஸ்டோரில் உட்கார்ந்து அதைப் படித்தேன். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் படை பட்டினி கிடந்தால் எதிரிக்குக் கொண்டாட்டம்தானே, இவள் எதற்கு அவர்களுக்காகப் பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தேன். எக்ஸ்ரேக்காரரிடம் காட்டி, பாருங்கள், என் பெண்டாட்டிக்குப் போர் புரிகிற விதமே தனி என்றுகூடச் சொன்னேன். அவர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து போய்விட்டார். மனிதருக்கு உள்ளே இருக்கும் எலும்பைப் பார்த்துப் பழக்கம்.

அதன் பிறகு உறைத்தது. சாயந்திரம் வீட்டுக்கு வந்து அந்தப் படையைத் திறந்து பார்த்தேன். உணவு இல்லை, தோட்டா இல்லை, சோர்வு ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் அந்தத் துண்டு மணலை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னாலிருந்து ஆள் வரும் என்ற நம்பிக்கையில்தானே நிற்கிறார்கள்? ஆள் அனுப்ப வேண்டியவன் இங்கே அலமாரித் தட்டை நிரப்பிக்கொண்டிருக்கிறான். ஏம்ப்பா அழுறே, தோத்துட்டியா என்று வாலு கேட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடியட்டும், சேர்த்துக்கொள்கிறேன் என்றதெல்லாம் சாக்கு. எனக்குப் பயம். அந்த ஊர்ப் பாஷை வராது. அங்கே என்னை எவனும் ஸ்டோர் சார் என்று கூப்பிடமாட்டான். காலையில் நீ வேலைக்குக் கிளம்ப, நான் வாசலில் நின்று கையாட்ட வேண்டும். பெண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் பார் என்று எவனோ சொல்வான். அந்த எவனை நான் இதுவரை பார்த்ததுகூட இல்லை. பார்க்காத ஒருவனுக்குப் பயந்து உன்னை அங்கே தனியாக நிறுத்தி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதே என் மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது.

இன்று வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் காரணம் கேட்டார். இரண்டாம் அணி கிளம்ப வேண்டும் ஐயா என்று வாய் தவறி உளறிவிட்டேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று அவர் கவலைப்பட்டார். விஷயம் தெரிந்ததும் எக்ஸ்ரேக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உங்கள் நாற்காலியை இன்னொருவன் கேட்பதற்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். பாடும் பெண் வாழ்த்துப் பாடினாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

வாலுவிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, அம்மா பக்கத்தில் யார் படுப்பது என்பதுதான். உங்கள் பேச்சுவார்த்தையில் நான் தலையிடப்போவதில்லை. அவளுடைய பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். நடுவில் போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்று டீச்சரே சொல்கிறார். நான்தான் முழுகும் முழுகும் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆகவே மாடி வீட்டுக்குச் சரி சொல்லிவிடு. இரண்டு அறை. சுவரில் ஈரம் இருந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. நான் எதுவும் நூறு சதவீதம் தயாராகவில்லை. பாதி மூட்டை கட்டியிருக்கிறது, பாதி தரையில் கிடக்கிறது. அந்தப் பாஷையில் எனக்கு 'நன்றி' மட்டும் வரும். அதையும் தப்பாகச் சொல்கிறேனாம், வாலு சொல்கிறாள். இப்படியேதான் வருவேன்.

எங்களைப் பார்த்ததும் வேலை கிடைத்ததா என்று முதல் நாளே கேட்காதே. நீ கேட்கமாட்டாய், தெரியும். ஆனாலும் கேட்கமாட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. எனக்குத் தைரியமாக இருக்கும்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். காய்ச்சல் வந்தால் வரும்போதே சொல். இத்தனை நாள் ஒற்றை ஆளாக நின்றுவிட்டாய் அம்மா. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடி, வந்துவிட்டோம்.

உன் வீட்டுக்காரன்