வண்டி வந்து சேர்ந்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹம்ஸாவின் நமஸ்காரம். சர்க்கரை மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறீர்களா? நான் சௌக்கியம்.

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிட்டத்தட்ட பதினான்காயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். பாதியைத் தூங்கியே கழித்தேன். கடைசியில் கொஞ்சம் பனிமூட்டம். இறங்க முடியாமல் விமானம் மேலேயே வட்டமடித்தது. உங்களிடம் சொல்ல வேண்டாமென்று இருந்தேன். இறங்கி போன் செய்ததும் அம்மாதான், "நாப்பத்திரண்டு நிமிஷம் சுத்தினியாமேடி! போன்ல உன் விமானம் எங்கே போறதுன்னு மேப்லயே பாத்துண்டு அப்பா சாப்பிடவே இல்லை" என்றாள்.

நஞ்சன்கூட்டில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோதும் இப்படித்தான். நீங்கள் அனுப்பிய வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்ததென்று தகவல் வரும்வரை டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டீர்கள். வழியெல்லாம் தனியாக வந்தேன் என்று நினைத்திருந்தேன் அப்பா. நீங்களும் கூடவே வந்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு உதவி. தினமும் சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் "வண்டி வந்து சேர்ந்தது" என்று மெசேஜ் போடுகிறேன். அப்போது மைசூரில் விடிகாலை, நீங்கள் காபி குடிக்கும் நேரம். "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள். அது வந்த பிறகு நானும் சாப்பிட உட்காருகிறேன்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
ஹம்ஸா