ஒடுக்கு விழுந்த டம்ளர்

ஜூன் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கலாம் என்றால் நான் நலமாக இல்லை. பாட்டில்கள் அடுக்கும் அறையில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். வரி கோணலாக இருந்தால் திட்டாதே.

நீ கோபித்துக்கொண்டு போய் நாலு மாதம் ஆகிறது. உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு. அம்மா உன்னை "அந்தப் பக்கம்" என்கிறாள். அந்தப் பக்கம் சாப்பிட்டிருக்குமா என்று அடுப்பைப் பார்த்துக் கேட்கிறாள்.

விஷயம் இதுதான். நீ இல்லாமல் நம் கம்பெனித் தக்காளி சாஸ் சரியாக வரமாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு சாஸ் வருகிறது. அப்பா எல்லாவற்றையும் கண் அளவில் போடுகிறார். அன்றைக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவு வினிகர். போன வாரம் பேக்கரிக்காரர் நாற்பது பாட்டிலைத் திருப்பி இறக்கிவிட்டார். "மொதல்ல குடுத்த ருசி எங்க? இருபத்தெட்டாம் தேதி நானே வந்து பார்ப்பேன். அன்னிக்கும் இப்படின்னா என் பதினோரு கடைக்கும் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவரை விட்டால் நம்மிடம் வாங்க ஆளே இல்லை. கம்பெனியை அன்றோடு மூட வேண்டியதுதான்.

அதனால் கேட்கிறேன். பத்துக் கிலோ தக்காளிக்கு நீ எதை எவ்வளவு போடுவாய்? பதிலை வீட்டுக்குப் போடாதே. கீழ்வீட்டுத் தையல் அத்தை பேருக்குப் போடு. அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதி என்ன ஆகுமோ தெரியாது.

உன்,
குட்டி

ஜூன் 9

குட்டிக்கு,

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஓடிப்போய்ப் பிரித்தால் வினிகர் எவ்வளவு என்று கேட்கிறது. ரொம்ப சந்தோஷம். நானும் இங்கே உயிரோடுதான் இருக்கிறேன்.

எனக்கு வருகிற எரிச்சலை யாரிடம் சொல்ல? விலை போகாத தக்காளியை நாலு கூடை வாங்கிவந்து கூடத்தில் கொட்டிவிட்டு முழித்தது யார்? அப்பா. அழுகுவதற்குள் ஏதாவது செய்ய வேண்டுமே என்று மூன்று நாள் அடுப்படியில் நின்றது யார்? இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, வாசனை போகவில்லை என்று மறுபடி கழுவி, முதல் முப்பது பாட்டிலை அடைத்தது யார்? நான் இல்லை போலிருக்கிறது. லேபிளில் அப்பாவின் மீசைதானே சிரிக்கிறது, கீழே "என் கைப்பக்குவம்" என்று. நான் பேர் கேட்கவில்லை, குட்டி. பொய் போடாதீர்கள் என்றுதான் சொன்னேன். அதற்கு அவர், "பொட்டப்புள்ள செஞ்சதுன்னு போட்டா கம்பெனின்னு எவன் மதிப்பான்?" என்று கேட்டார். அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

எழுதிக்கொள். வினிகர் இரண்டரை டம்ளர், சர்க்கரை நாலு, உப்பு அரை, மிளகாய்த்தூள் கால். வினிகரை இறக்கும் நேரத்தில் ஊற்று, முதலிலேயே ஊற்றினால் ஆவியாகிப் போய்விடும். அப்பாவைக் கிண்டச் சொல்லாதே, அவர் பேசிக்கொண்டே அடிபிடிக்க விட்டுவிடுவார்.

அம்மாவிடம் சொல், அந்தப் பக்கம் சாப்பிட்டது.

அக்கா

ஜூன் 15, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதினபடியே செய்தோம். அதாவது பாடப் புத்தகத்தில் பார்த்தேன் என்று புளுகி அளவை அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், எந்தப் பாடம் என்று கேட்கவில்லை. அப்பாவை மிளகாய் வாங்க அனுப்பிவிட்டுக் காய்ச்சினாள்.

பல் கூசிப்போயிற்று, அக்கா. புளிப்பும் உப்பும் சேர்ந்து மண்டையில் ஏறுகிறது. அப்பா ஒரு கரண்டி வாயில் போட்டார், கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பரவால்ல, காரமா இருக்கு" என்றார். காரம் எங்கே இருக்கிறது அதில்? நல்லா இல்லை என்று சொன்னால் அவர் மீசை உதிர்ந்துவிடுமா?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எந்த டம்ளர், அக்கா? இங்கே பெரிய டம்ளர், சின்ன டம்ளர், விருந்தாளி டம்ளர் என்று ஆறு தினுசு இருக்கிறது. உன் டம்ளரைக் காணோம். முதன்முதலில் சாஸ் காய்ச்சின அன்று அப்பா கையிலிருந்து விழுந்து பக்கவாட்டில் ஒடுக்கு விழுந்ததே, அது. நீ எப்போதும் அதில்தானே தண்ணீர் குடிப்பாய், எடுத்துப் போயிருப்பாய் என்கிறாள் அம்மா. கம்பெனியின் அளவுக் கருவியையே எடுத்துப் போய்விட்டாயே!

அது எத்தனை மில்லி என்று எழுது. சீக்கிரம். இன்னும் பதிமூன்று நாள்தான். தையல் அத்தை வேறு, உனக்குக் கடிதம் எழுதுற பையன் யாருடி என்று கேட்கிறாள்.

உன்,
குட்டி

ஜூன் 19

குட்டிக்கு,

நான் அளவுக் கருவியைத் திருடவில்லை. என் டம்ளரை எடுத்துவந்தேன்.

மில்லி கேட்டாய். என் அறையில் அளக்க இருப்பது ஒரே ஒரு மருந்து மூடி. அதால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி எண்ணினேன். இருபது தாண்டும்போது அறைத்தோழி வந்து, "என்னக்கா, குழந்தைக்குப் பால் புகட்டுற மாதிரி தண்ணிக்குப் பாலாடையா?" என்றாள். எண்ணிக்கை போயிற்று. மறுபடி எண்ணினால் வேறு கணக்கு வருகிறது. அதிலும் நான் விளிம்பு வரை எப்போதும் நிரப்பினதில்லை. ஒடுக்கு விழுந்த இடம் வரைக்கும்தான் நிரப்புவேன். இதையெல்லாம் கடுதாசியில் எப்படி எழுதுவது?

டம்ளரையே அனுப்புகிறேன். இனி நான் பாட்டில் மூடியில் தண்ணீர் குடிக்கிறேன், பரவாயில்லை, கம்பெனி வாழட்டும்.

ஆனால் ஒன்று. லேபிளில் அந்த வரியை எடுக்கச் சொல். எடுக்காவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம். அம்மாவுக்காக டம்ளர் அனுப்புகிறேன். பொய்க்காக இனி ஒரு வரியும் எழுதமாட்டேன்.

அக்கா

ஜூன் 24, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

டம்ளர் வந்தது. அலமாரிக்குப் பின்னால் கிடந்தது என்று அம்மா அப்பாவிடம் புளுகினாள். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்பு மேடையில் வைத்தார். ஒடுக்கு வரைக்கும் அளந்து காய்ச்சினோம். அதே சாஸ், அக்கா! அம்மா ஒரு விரல் நக்கிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

லேபிள் விஷயம் சொல்ல மூன்று தடவை அப்பா பக்கத்தில் போனேன். மூன்று தடவையும் "என்ன?" என்றார், மூன்று தடவையும் "மணி என்னப்பா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். நாலாவது தடவை அவரே கூப்பிட்டார். லேபிள் தீர்ந்துவிட்டதாம், அச்சகத்துக்குப் போய்ப் பிழை பார்த்துக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வரியை எடுக்கவில்லை. "என்" என்பதற்கும் "கைப்பக்குவம்" என்பதற்கும் நடுவில் இரண்டு வார்த்தை எழுதிச் செருகிவிட்டேன். "என் மூத்த மகளின் கைப்பக்குவம்."

அச்சகத்துக்காரர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "அப்பா சொன்னாரா?" என்றார். தலையாட்டினேன். இரண்டாயிரம் லேபிள், அக்கா. இருபத்தெட்டாம் தேதி காலையில் வரும். அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்தால் நல்லது. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

உன்,
குட்டி

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

பகலில் எழுதுகிறேன். கூடத்தில் உட்கார்ந்து.

காலையில் கட்டு வந்தது. அப்பாதான் பிரித்தார். படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "யார் திருத்தினது?" என்றார். நான்தான் என்றேன். அம்மா கரண்டியோடு வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

அப்பா லேபிளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். அப்புறம், "இம்புட்டு சின்ன எழுத்துல போட்டா யார் கண்ணுக்குத் தெரியும்?" என்றார். இடம் இல்லாததால் அச்சகத்துக்காரர் அந்த இரண்டு வார்த்தையைக் குறுக்கிப் போட்டிருந்தார். "அடுத்த தடவை பெருசாப் போடச் சொல்லு. இப்ப ஒட்டு, ஆள் வந்துருவாரு."

பேக்கரிக்காரர் ரொட்டியில் தடவித் தின்றார். இன்னொரு துண்டு கேட்டார். பிறகு லேபிளைப் படித்துவிட்டு, "யாருங்க அந்தப் பொண்ணு?" என்றார். அப்பா தொண்டையைச் செருமி, "பெரியவ. வெளியூர்ல வேலையா இருக்கா" என்றார். மாதம் முந்நூறு பாட்டில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் போனதும் அப்பா கடைத்தெருவுக்குப் போய் ஒரு புது டம்ளரோடு வந்தார். உன் டம்ளரில் ஒடுக்கு வரைக்கும் தண்ணீர் பிடித்து அதைப் புதுசில் ஊற்றினார். தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அந்த இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ஊற்றிப் பார்த்தார். பத்தவில்லை என்று இன்னும் ஒரு தட்டு. புது டம்ளரை இப்படி நசுக்குகிறாரே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதுதான் இந்தப் பார்சலில் இருக்கிறது. மேலே முகவரி எழுதியிருப்பது அப்பா. என்னிடம் கேட்கவே இல்லை, அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று தெரியவில்லை. என்னப்பா எழுதட்டும் என்று கேட்டேன். முதலில் மூடியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தச் சொன்னார். அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இப்ப ரெண்டும் ஒரே அளவு. பச்சமிளகா சாஸ் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். எதை எவ்வளவு போடணும்னு எழுதச் சொல்லு. இல்ல, வந்து சொன்னாலும் சரி."

பதிலைத் தையல் அத்தை பேருக்குப் போட வேண்டாம். வீட்டுக்கே போடு.

உன்,
குட்டி