இடது பக்கத்து பிரேக்

என் பிரியமான மதினிக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் கார் என்று ஒன்று இருந்தால் அதை நீங்கள்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். செத்த நேரம் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள். நல்ல சேதிதான், பயப்படாதீர்கள்.

முதலில் வீட்டு விஷயம். அண்ணன் நன்றாக இருக்கிறார். ரசம் வைக்கப் பழகிவிட்டார், புளியைத்தான் இன்னும் அள்ளிப் போடுகிறார். உங்கள் மகள் மாலா காலேஜில் சேர்ந்துவிட்டாள். உங்களைப் போலவே வீடு அதிரச் சிரிக்கிறாள். அடுத்த அறையிலிருந்து அது கேட்கும்போது நான் இன்னும் ஒரு நொடி ஏமாந்துதான் போகிறேன்.

இனி நம் டிரைவிங் ஸ்கூல். ராஜபாளையத்தில் பொம்பளைகளுக்குப் பொம்பளைகளே கார் சொல்லித்தரும் இடம் என்று மதினியும் நாத்தனாருமாகச் சேர்ந்து போர்டு மாட்டினோமே, அதை விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். பெரிய ஸ்கூல் நடத்தும் ஒருவர் ரெண்டு காரையும் போர்டையும் சேர்த்துக் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் முடியட்டும், பதில் சொல்கிறேன் என்றேன். மனசுக்குள் சரி என்று எப்போதோ சொல்லியாகிவிட்டது.

முடியவில்லை மதினி, அதுதான் காரணம். நீங்கள் போன பிறகு ஒரு கிளாஸ் முடித்து இறங்கினால் மூட்டை தூக்கியவள் மாதிரி தோள் கடுக்கும். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். பஞ்சு மார்க்கெட் பக்கம் மில் பஸ் ஒன்று எதிரே வந்தால் போதும், நான் போடும் கத்தலில் ஓட்டுகிற பெண் ஸ்டியரிங்கையே விட்டுவிடுவாள். "உங்க மதினி பாட்டுப் பாடிக்கிட்டே சொல்லித்தருவாகளே" என்று பழைய ஆட்கள் வேறு சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போய்ச் சேர்ந்த உங்கள் மேலேயே கோபம் வரும். நான் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை, இத்தனை வருஷம் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறேன் என்றே நம்பிவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் சரோஜா வந்து சேர்ந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர், விவசாயக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

"மகன் பட்டாளத்துல இருக்கான் டீச்சர். லீவுல வந்தவன் கார் ஒண்ண வாங்கிப் போட்டுட்டுப் போயிட்டான். அது கொட்டகையில நிக்கிது, கோழி உள்ள போயி முட்டை வைக்கிது. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. ஆஸ்பத்திரிக்குப் போக எம்புட்டு நாளைக்கு அடுத்தவுகளக் கெஞ்சுறது?"

நன்றாகத்தான் ஓட்டினார். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் டெஸ்ட்டுக்குப் போனால் ஃபெயில். இன்னொரு தடவை போனோம், அதுவும் ஃபெயில். டெஸ்ட் எடுக்கிற சார் நம் காரில் என் சீட்டில் உட்கார்ந்து "நிறுத்தும்மா" என்கிறார். சரோஜா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருக்கிறார், வண்டி பாட்டுக்குப் போய் டெஸ்ட்டுக்கு நட்டிருந்த கம்பைச் சாய்த்துவிட்டு நிற்கிறது. எனக்கு மானம் போய்விட்டது. இறங்கி வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். "பிரேக் எங்க இருக்குன்னு இன்னுமா தெரியல?"

சரோஜா வாயை மூடிக்கொண்டு போகிற ஆள் இல்லை. "நான் எப்ப டீச்சர் பிரேக் மிதிச்சேன்? நீங்க உக்காந்தா வண்டி தன்னால நிக்கிது. அந்த சார் உக்காந்தா நிக்கமாட்டேங்குது. இது என்ன அநியாயம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விடவும் இல்லை. "நம்மூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுறவுக வேணுங்கிற எடத்துலதான் போடுவாக. நீங்க நாலு ரத வீதியும் போட்டுக்கிட்டே வாரீக. பொறவு தேர் எப்ப நிலைக்கு வாரது?"

உங்களுக்குத் தெரியாததா, சொல்லித்தருகிறவருக்கென்று இடது பக்கம் இன்னொரு பிரேக் இருக்கிறது. ஆபத்துக்கு மட்டும். நான் ஆபத்துக்கு மட்டும்தான் மிதிக்கிறேன் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன்.

அடுத்த கிளாஸில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அய்யனார் கோயில் ரோடு, ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, எதிரே ஒரு வண்டி இல்லை. தூரத்தில் ஒரு ஆடு ரோட்டைக் கடக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். என் பாதத்துக்குக் கீழே பெடல் ரப்பரின் வரிகள் தெரிந்தன. காலை வை என்று நான் சொல்லவே இல்லை மதினி! அது எப்போதோ போய் உட்கார்ந்து அமுக்க ஆரம்பித்திருக்கிறது. பாவம் சரோஜா, அவர் கால் புறப்படுவதற்குள் என் கால் போய்விடுகிறது, அவர் எங்கே கற்றுக்கொள்வார்?

"நாந்தான் சரோஜாக்கா. நீங்க சொன்னது சரிதான்" என்றேன்.

"அப்பாடா" என்றார். "நான் வண்டியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்த ஆடு ஓடிவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பினால் மட்டும் இல்லை.

நீங்கள் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நாலைந்து நாளில் இல்லை. யார் என்ன செய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னார், நானும் தலையை ஆட்டினேன். ஆனால் என் கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எங்கேயோ ஒரு பிரேக் இருந்திருக்கும், மிதித்திருந்தால் எல்லாம் நின்றிருக்கும் என்று அது பாட்டுக்குத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படித்தானா மதினி? உங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

அதற்குப் பிறகு நான் வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை. யோகா கிளாஸுக்குப் போகவில்லை, மாத்திரை சாப்பிடவில்லை. வெறும் காலோடு உட்கார்ந்து என்னையே வேடிக்கை பார்த்தேன். கால் போவதற்கு முன்னால் மூச்சு நின்றுவிடுகிறது. மூச்சு நிற்பதற்கு முன்னால் தாடை இறுகுகிறது. ஒரு திருடனைப் பிடித்த மாதிரி இருந்தது. தாடையிலேயே கண்டுகொண்டால், "ஓ, வந்துட்டியா" என்று மனசுக்குள் சொன்னாலே போதும், கால் கீழேயே கிடக்கிறது. ரயில்வே கேட் பக்கம் ஒரு பைக்குக்காரன் குறுக்கே வந்தபோது மட்டும் சரியாகப் போய் மிதித்தது. அன்றைக்குத் தோள் வலிக்கவே இல்லை.

அப்புறம்தான் தெரிந்தது, பிரேக் காரில் மட்டும் இல்லை என்று. நம்மிடம் சொல்லித்தரும் வேலை பார்க்கும் முத்துலட்சுமி ரெண்டாவது காரை எடுத்துக்கொண்டு போனால் நான் நிமிஷத்துக்கு ஒரு போன் போட்டுக்கொண்டிருந்தேன். "எங்க இருக்க? எந்தப் பக்கம் போற? யார் ஓட்டுறா?" அவள் வேலையை விட்டுப் போகிற யோசனையில் இருந்திருக்கிறாள். என் கட்டைவிரல் போனுக்குப் போவதற்கு முன்னாலும் இதே தாடைதான் இறுகுகிறது. ஒரு நாள் சாயங்காலம் வரைக்கும் போனைத் தொடவில்லை. முத்துலட்சுமி ஆபீஸுக்கு ஓடிவந்தாள்.

"என்னக்கா, உடம்புக்கு முடியலையா? போனையே காணோம்!"

எல்லாம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். இப்போதும் சில நாள் கத்துகிறேன். கத்துகிறேன் என்று பாதிக் கத்தலிலேயே தெரிந்துவிடுகிறது, மீதியை முழுங்கிவிடுகிறேன். வேலை பிடித்திருக்கிறது மதினி. ஒரு பெண் முதல் தடவை தானே கியர் மாற்றி வண்டி உதறாமல் போகும்போது அவள் முகத்தைப் பார்க்கிறேன். இத்தனை நாள் ரோட்டைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. போன வாரம் ஒரு பாட்டுக்கூட முணுமுணுத்தேன். "டீச்சர், அது மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

சரோஜா பாஸாகிவிட்டார். பால்கோவாவோடு வந்து நின்றவர், "ஏறுங்க டீச்சர், ஒரு ரவுண்டு" என்றார். வாசலில் அந்தக் கோழி முட்டை வைத்த கார். தேர் நிலைக்கு வந்த மறுநாள் அது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் தேரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அது வீட்டுக் கார். இடது பக்கம் பிரேக் கிடையாது.

பாதி வழியில் லாரி ஒன்று வந்தது. என் கால் போய்த் தரையை அமுக்கிவிட்டது. சரோஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மிதிங்க, மிதிங்க. கால்மிதி கிழிஞ்சா புதுசு வாங்கிக்கிடலாம்" என்றார். காரை மெதுவாக்கி ஒதுங்கி, லாரியைப் போகவிட்டு, மறுபடி எடுத்தார். என்ன அழகாக எடுத்தார் தெரியுமா! அந்த நேரம் பார்த்து விலைக்குக் கேட்டவரின் போன். தேர் முடிந்துவிட்டதே, என்ன முடிவு என்று கேட்டார். தாடை இறுகவில்லை. இறுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசினேன்.

"விக்கலைங்க" என்றேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கார் கற்றுக்கொடு அத்தை என்று மாலா எப்போதிருந்தோ கேட்கிறாள். ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் சொல்லித்தருகிறவள், உங்கள் பிள்ளைக்கு மட்டும் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எந்தக் கால் மிதித்த பிரேக் என்று இப்போது தெரிகிறது. வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் உட்காருவேன். அவள் கால் பிரேக்குக்குப் போகும் வரைக்கும் என் கால் காத்திருக்கும். இது சத்தியம் மதினி. பின் சீட்டைக் காலியாக வைக்கிறேன், வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளை உங்கள் காரில் ஏற்றப்போகும்
உங்கள் நாத்தனார் செல்வி