மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை

பெங்களூர்,
23-6-1963, ஞாயிறு.

அன்புள்ள மகன் ரெமிஜியஸுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கத் தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதுவதுதான் முறை, போன கடிதம் வரைக்கும் அப்படித்தான் எழுதினேன், இந்தத் தடவை அந்த வார்த்தைக்குப் பேனா போகவில்லை. வழக்கமான நீல ஏர்மெயில் தாளில் இடம் போதாது என்று தனித்தாளில் எழுதுகிறேன். பாதியில் நிறுத்தி மடித்து வைத்துவிடாதே, கடைசிவரைக்கும் படி. கடைசியில்தான் உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

மழை இந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சமையல்கட்டு ஓடு ஒழுகுகிறது, நீ இருந்தால் ஏறி மாற்றியிருப்பாய், இல்லாவிட்டால் நாளைக்கு ஆகட்டும் என்று சொல்லிச் சொல்லியே மழைக்காலத்தை ஓட்டியிருப்பாய். அப்பாவுக்கு மூச்சு ரொம்ப மோசம். வாழ்நாளெல்லாம் மில்லில் தின்ற பஞ்சு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. படுத்தால் முட்டுகிறது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் கண்ணை மூடுகிறார். விடியற்காலையில் சங்கு ஊதினால் இன்னும் காலைக் கீழே வைக்கப் பார்க்கிறார், வேலையை விட்டு எத்தனை காலம் ஆயிற்று, அந்தச் சத்தம் அவரை விடவில்லை. கன்னடக்கார டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னு மாடோக்கே ஏனூ இல்லம்மா, நெம்மதியாகி இரலி" என்றார். செய்வதற்கு இனி ஒன்றும் இல்லையாம், நிம்மதியாக இருக்கட்டுமாம். இந்த மழைக்காலம் தாண்டாது என்றும் சொன்னார். நிம்மதி எந்தக் கடையில் விற்கிறது டாக்டர் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீயும் அதைத் தேடித்தானே போனாய். அப்பா மாதிரி சங்குக்குப் பயந்து ஓடிச் சாக மாட்டேன், மனுஷன் மாதிரி வேலை செய்து மனுஷன் மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்துக்குப் போகிறேன் என்று சொன்னாய். நான்தான் அழுதேன். அப்பா தடுக்கவில்லை, போகட்டும், அவனாவது மூச்சு விட்டு வாழட்டும் என்றார். உன் கடிதம் வந்தால் அவருக்கு நான் இரண்டு தரம் படித்துக் காட்ட வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்தால் யாரும் உன்னைத் தேட மாட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, சனிக்கிழமை பார்க்கில் புல் மேல் படுத்துக்கொள்வேன், இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று, அந்த இடத்தை மூன்றாவது தரமும் படிக்கச் சொல்வார். அவர் சந்தோஷப்படுவதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் இரண்டாவது ஞாயிறு எட்டு மணிப் பூசைக்குப் போனேன். நம் பவுலின் எப்போதும் போல என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நீ மோதிரம் போட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவள் பெண்கள் பக்கத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்ததில்லை என்று உனக்குத் தெரியும். பிரசங்கம் முடிந்து சாமியார் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்தார். சூளைப் பக்கத்துப் பையன் ஒருவன் பெயர் வந்தது, அப்புறம் உன் பெயர் வந்தது. இந்தப் பங்கைச் சேர்ந்த தியோடர், ஆக்னஸ் இவர்களின் குமாரன் ரெமிஜியஸ், இங்கிலாந்து தேசத்தில் பர்மிங்ஹாம் நகரில் வசிக்கும் மைக்கேல் டாய்ல் என்பவரின் குமாரத்தி மோரீன், இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து அறிவிக்கக் கடவார்கள், இது முதல் ஓலை. காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. என் பெயரைக் கூட வேறு யாரோ ஆக்னஸ் என்றுதான் நினைத்தேன். பவுலின் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள், அப்போதுதான் புரிந்தது. அங்கே கல்யாணம் என்றால் அங்கேயே முடிந்துவிடும், ஞானஸ்நான சர்டிபிகேட் மட்டும் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தாயா. அந்த ஊர்ச் சாமியார் நம் சாமியாருக்கு எழுதுவார், நம் கோயிலிலும் ஓலை வாசிப்பார்கள் என்று பீடத்தில் மணி அடித்து வளர்ந்த உனக்குத் தெரியாதா. தெரியாமல்தான் செய்தாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். உன் தாயார் உன் கல்யாணத்தை ஊரோடு சேர்ந்து கேட்டாள்.

பவுலின் என்னைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஆனால் எங்களுக்கு முன்னாலேயே அப்பாவோடு மில்லில் இருந்த ஞானசேகரன் வந்து சேர்ந்துவிட்டார். அவர் பூசை கேட்கிற லட்சணம் உனக்குத் தெரியும், பிரசங்கத்துக்கு எழுந்து வெளியே போய் பீடி குடித்துவிட்டு நன்மை வாங்கத்தான் உள்ளே வருவார். அன்றைக்கு ஜன்னல் வழியாக உன் பெயரும் ஓலை என்பதும் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. ஓடி வந்து, "தியோடரு, ஒம் பையனுக்கு ஓலை வாசிச்சிட்டாங்கப்பா" என்று சொல்லியிருக்கிறார். பெண் யார் என்று அவரும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, அவருக்குத் தெரிந்த பெண் ஒருத்திதானே.

நாங்கள் நிலைப்படியில் நிற்கும்போது அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தானாக உட்கார்ந்து பல வாரம் ஆகியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. பவுலினைப் பார்த்ததும், "வாம்மா, பையனுக்கு லீவு கெடைக்கலபோல, ஒன்ன அங்க அனுப்பி வெச்சுக் கட்டிக்கப் போறான், அப்படித்தானே" என்று கேட்டார். எல்லாவற்றையும் அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன், உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் பவுலின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா மாமா, கப்பல்ல போறேன்" என்றாள். அன்றைக்கு அவர் ஒரு கிண்ணம் கஞ்சி முழுவதும் குடித்தார்.

மறுநாள் நான் சாமியாரிடம் போனேன். உன்னிடம் எதையும் மறைத்து எனக்கு ஆக வேண்டியது இல்லை, கல்யாணத்தை நிறுத்தத்தான் போனேன். சாமியார் பாவம், எங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தாராம். நிச்சயம் செய்தது தடை ஆகாது, ஆனாலும் அந்தப் பெண் வந்து மனக்குறை சொன்னால் அங்கே எழுதுகிறேன், விசாரித்து முடிக்கிறவரைக்கும் நிறுத்தி வைப்பார்கள் என்றார். நேரே பவுலின் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அண்ணன் வாசலில் நின்று உன்னை என்னென்ன சொன்னான் என்று எழுத மாட்டேன், சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அவள் வர மறுத்துவிட்டாள். "நிறுத்தி வெச்சு என்ன அத்தே பண்றது, அரை மனசோட ஒருத்தரு கப்பல் ஏறி வந்து எறங்கினா அவர வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்" என்றாள். மாமாகிட்ட மட்டும் யாரும் சொல்லக் கூடாது என்றாள். அவள் கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்டு என்று கூடச் சொன்னேன், சிரித்தாள், அந்தச் சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஓலைக்கு வராதே, ஐந்தரைப் பூசைக்குப் போய்விடு என்று கெஞ்சினேன். வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. சாமியார் இரக்கப்பட்டு வேகமாக வாசித்தார், அது இன்னும் மோசமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் அப்பா தனக்குச் சவரம் செய்துவிடச் சொன்னார். பெட்டியிலிருந்து கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கப்பல் ஏறுமுன் பெண்ணுக்கு ஆசீர்வாதம் கொடுக்க வேண்டும், நாளைக்கு நான் இருப்பேனோ மாட்டேனோ என்றார். பவுலினுக்குச் சொல்லி அனுப்பினேன். நிச்சயத்துக்கு நீ எடுத்துக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முழங்காலில் இருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து முழங்காலில் இருப்பார்கள், பக்கத்தில் உன் இடம் காலியாக இருந்தது. அப்பா அவள் நெற்றியில் சிலுவை போட்டார், நான் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒன் நெத்தியிலேயே போட்டுட்டேன் பாப்பா, அங்க போயி அவனுக்கு ஒன் கையால போடு, நிம்மதி வேணும்னு போன பையன், நீ பாத்துக்கோ" என்றார். "சரி மாமா" என்றாள். அவள் குரல் உடையவில்லை. நான்தான் சமையல்கட்டில் போய் ஒழுகுகிற இடத்தில் நின்றுகொண்டு அழுதேன்.

இன்று காலை மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது. தடை அறிந்தவர்கள் யாராவது உண்டா என்று சாமியார் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார், எப்போதும் அப்படி நிறுத்த மாட்டார். கோயில் முழுவதும் தெரிந்தவர்கள்தான், ஒருவர் இருமவில்லை. அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று எழுதினாய், இங்கே மூன்று தரம் கேட்டார்கள், உனக்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இனி உன் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை.

ஆனால் பவுலின் கப்பலில் போகிறாள் என்று சொன்னதன் பலன் இப்போதுதான் தெரிகிறது. சொன்னபடி அவள் போயாக வேண்டும். தினம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு நேரே வந்து அப்பாவுக்கு முதுகு தடவிவிடுகிறவள், நாளையிலிருந்து நம் தெருவில் நடக்கக் கூடாது, கட்டில் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறது. லீவு கேட்டுவிட்டாள், கோலாரில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போகிறாள், அப்பா இருக்கிறவரைக்கும் அங்கேதான். பெற்ற பிள்ளையும் பக்கத்தில் இல்லை, பிள்ளைக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டவளும் இல்லை, நான் ஒருத்திதான். போகிறவள் கப்பலிலிருந்தும் அங்கிருந்தும் கடிதம் போட வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் எழுதி யாரிடமாவது கொடுத்து அனுப்புவாள், நான் படித்துக் காட்டுவேன். உறை எங்கிருந்து வந்தது என்று படித்துப் பார்க்க அவருக்குக் கண் பத்தாது. நேற்றுப் போகும்போது உன் பழைய கடிதங்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள், அந்தப் பார்க், அந்தப் புல் எல்லாம் தப்பில்லாமல் எழுத வேண்டுமாம். இது பாவமா என்று சாமியாரிடம் கேட்டேன், அதை என்னிடம் கேட்காதே ஆக்னஸ் என்றார்.

உன்னிடம் கேட்பது இதுதான். கல்யாணப் போட்டோ ஏதும் இந்த விலாசத்துக்கு அனுப்பாதே. அப்பாவுக்கு எழுதும்போது அந்தப் பெண்ணின் பெயர் வரக் கூடாது, பவுலின் வந்து சேர்ந்தாள் என்று ஒரு வரி எழுது, உன்னால் முடியாவிட்டால் எழுதாமலே இரு. எனக்குத் தனித்தாளில் உன் வீட்டைப் பற்றி எழுது. எத்தனை அறை, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், பால் எப்படி வருகிறது, இந்த மாதத்தில் எத்தனை மணிக்கு இருட்டுகிறது, நீங்கள் இருவரும் சாயங்காலம் எங்கே போய் உட்காருவீர்கள். அதை நான் கோலாருக்கு அனுப்ப வேண்டும், அவளுக்கு வேண்டியிருக்கிறது. அவளுக்கு என்று தனியாக ஒன்றும் எழுதாதே, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டு அவளை மறுபடி பதில் எழுத வைக்காதே. மோரீனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் தெரிந்துகொண்டு பீடத்துக்கு வரட்டும். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், உனக்கும் அப்பாவின் நெஞ்சுதான். பவுலின் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைக் கல்யாணத்தன்றைக்கு மட்டும் போடாதே.

முடிக்கும்போது அப்பாவின் ஆசீர்வாதத்தையும் என்னுடையதையும் சேர்த்து எழுதுவேன். இந்தத் தடவை அவருடையதை எழுத முடியவில்லை. கையில் இருந்ததை எல்லாம் நேற்றே கொடுத்துவிட்டார், அது பவுலின் நெற்றியில் இருக்கிறது, அவள் அதை எடுத்துக்கொண்டு உன்னிடம் வரப் போவதில்லை. ஆகையால் என்னுடையதை மட்டும் அனுப்புகிறேன். இருவரும் சண்டையில்லாமல் நிம்மதியாக இருங்கள்.

உன் அம்மா,
தி. ஆக்னஸ்.