பச்சை விசில்

என் செல்லமே,

நீ சிட்னிக்குத் திரும்பியதிலிருந்து நாய் உன் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. இங்கே இன்னும் மழை இல்லை.

"வேற எங்கயும் வேணாம்மா, உன் கிளினிக்லயே காப்பர்-டி வச்சுக்கிறேன்" என்று அவ்வளவு தூரம் வந்தாய். "ரெண்டு பனடால் மாத்திரை போட்டுக்கோ, சும்மா கிள்ளின மாதிரி இருக்கும்" என்றேன். இருபது வருட நர்ஸ் வேலையில் எல்லாப் பெண்களிடமும் சொல்வதுதான். டாக்டர் கருப்பை வாயைக் கொக்கியால் பிடிக்கும்போது, வழக்கம்போல், கவனம் திரும்பட்டும் என்று, "இருமு கண்ணு" என்றேன். இருமினாய். பிறகு, "அம்மா, நிறுத்தச் சொல்லும்மா!" என்று கத்தினாய்.

"முடிஞ்சிடுச்சு" என்றேன். முடிந்திருக்கவில்லை.

போன மாதம் உன் தம்பி ஃபுட்டி ஆட்டத்தில் விரலை உடைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தான். வலி தெரியாமலிருக்க மருந்தை உறிஞ்சும் பச்சை விசிலை நான்தான் அவன் கையில் கொடுத்தேன். "செமயா இருக்கும்மா, இன்னொண்ணு குடு" என்று இளித்தான். அந்த விசில்கள் இருக்கும் அலமாரி அன்று நீ படுத்திருந்தபோது உன் தலைமாட்டில்தான் இருந்தது. சாவி என் கழுத்தில்.

காப்பர்-டி வைக்கும்போதும் விசில் கொடுக்கலாமா என்று நேற்று டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "அது அடிபட்டு வர்றவங்களுக்கு. இது சும்மா கிள்ளுற மாதிரின்னு நீங்கதானே சொல்வீங்க?" என்று சிரித்தார்.

புதன்கிழமை காப்பர்-டி வைத்துக்கொள்ள நான்கு பேர் வருகிறார்கள். முதலில் வருபவளுக்கு உன் வயது. நான் கையைப் பிடித்துக்கொள்வேன் என்று யாரோ சொன்னார்களாம். நான் இருக்கும் நாளாகக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

நீ போனை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

அம்மா