நான்காவது நாற்காலி

தங்கத்துக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்க்கச் சோம்பல் படாதே.

உன் அண்ணன், மனைவியும் குட்டியுமாக எங்கள் விடுதிக்கு விடுமுறைக்கு வந்திருந்தார். கடற்கரையில் குடை விரித்துத் துண்டு கொடுத்தது நான்தான். மூன்று பேருக்கு நான்கு சாய்வு நாற்காலி போடச் சொன்னார். பை வைக்க என்று நினைத்துப் போட்டேன்.

வந்தவர்களுக்கு இந்த இடம் பிடிக்காமல் போகாது. மணல் மாவு மாதிரி இருக்கும், அலை கணுக்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். மச்சான் அப்படிச் சிரித்து நம் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

“கொடுத்து வெச்சவர் மாப்ளே நீங்க! தினமும் கடலைப் பாத்துக்கிட்டே வேலை. வாங்க, உக்காருங்க” என்று நான்காவது நாற்காலியைத் தட்டினார்.

விருந்தினரோடு நாங்கள் உட்காரக்கூடாது. மேற்பார்வையாளர் வேறு பார்த்துக்கொண்டே நின்றார்.

“வேலை இருக்கு மச்சான்” என்றேன்.

குட்டி கையைப் பிடித்து இழுத்தாள். “ஒரே ஒரு அலை மாமா!” சீருடையோடு எங்கே இறங்குவது?

கிளம்பும்போது மச்சான் முகம் கொடுத்துப் பேசவில்லை. உன்னிடம் குறைப்பட்டுக்கொண்டால் கேட்டுக்கொள், காரணம் சொல்லாதே. திமிர் பிடித்தவன் என்று நினைக்கட்டும், பாவம் என்று நினைக்க வேண்டாம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பனியன் கொடுத்துவிடு. உப்புக்காற்றில் எல்லாம் இற்றுப்போகிறது.

யாரோ துண்டு கேட்கிறார்கள், ஓடுகிறேன். அன்று மச்சான் குடும்பம் போனதும் நாற்காலிகளை மடக்கினேன். மூன்றைத்தான் உதற வேண்டியிருந்தது. நான்காவதில் மணலே இல்லை.

உன்னவன்