வெயில் கிரீமும் அம்மாவின் கோபமும்

கண்டாவளை,
புதன்கிழமை.

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தம்பி நிரோஜனும் கன்று போட்ட மாடும் நல்ல சுகம். அங்கே நீயும் மருமகனும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுமென்று பிள்ளையாரை ஒவ்வொரு நாளும் கேட்கிறேன், அவருக்கும் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். ரெலிபோனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் எனக்குச் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் அழுகை வரும், எது வந்தாலும் கதை முடியாது. உன் சிநேகிதி சுதர்சினி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை சுவிசுக்குத் திரும்புகிறாள், உனக்கு அனுப்பும் கறித்தூளோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். சிறுபோக நெல் வெட்டி முடிந்தது, விளைச்சல் பரவாயில்லை, அப்பாவின் முழங்கால் நோவும் பரவாயில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "அம்மாவுக்கு என்னில இன்னும் கோபம், ஏழு மாதமா முகம் காட்டாமல் குரலில மட்டும் கதைக்கிறா" என்று தம்பியிடம் சொல்லி அழுதாயாம். அவன் அதை மூன்று நாள் வயிற்றுக்குள் வைத்திருந்துவிட்டு நேற்றுச் சாப்பிடும்போதுதான் சொன்னான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளை, கவரேஜ் இல்லை, டேட்டா முடிந்தது, கமரா பழுது என்று நான் சொன்னதெல்லாம் பொய். ஆனால் கோபத்தில் சொன்ன பொய் இல்லை. என் இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் மங்கு விழுந்துவிட்டது. முதலில் அடுப்புக் கரி என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், அது கபில நிறத்தில் திட்டுத் திட்டாகப் பரவியதே தவிரப் போகவில்லை. அப்போது நீ அங்கே கலியாண எழுத்து வைத்த செய்தி வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. பக்கத்து வளவு அமராவதி அக்கா வேலிக்கு அங்கால் நின்று, "மகள் கேளாமல் கலியாணம் செய்தது, யோசிச்சு யோசிச்சுத்தான் உனக்கு முகம் கறுத்துப் போச்சு" என்று தீர்ப்பே சொல்லிவிட்டா. அதோடு விடாமல், "உனக்கு மங்கு சனி, எள்ளெண்ணெய் எரி" என்றும் சொன்னா. அது இளம் வயதில் பிடிப்பது, இந்த வயதில் பிடித்தால் பொங்கு சனி என்று அப்பா திருத்தினார். சனி பொங்கியதோ இல்லையோ, மங்கு நன்றாகப் பொங்கியது. அந்த முகத்தோடு வீடியோவில் வந்தால் உன்னால்தான் அம்மா இப்படி ஆனா என்று நீயும் நினைத்துவிடுவாய் என்று பயந்து ஒளித்தேன். ஒளித்தது உனக்குக் கோபமாகத் தெரியும் என்று இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

பிறகு நான் செய்த கூத்தைக் கேள். சித்திரையில் ஒரு பான்சிக் கடையில் பெயரும் இல்லாத, என்ன கலந்தது என்றும் எழுதாத ஒரு டப்பாக் கிரீம் வாங்கிப் பூசினேன். இரண்டு கிழமை பளபளப்பு, மூன்றாம் கிழமை எரிவு, அதன் பிறகு முந்தியதைவிட இரண்டு மடங்கு கறுப்பு. அதற்குப் பிறகுதான் அப்பா என்னைப் பிடித்து மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தோல் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டொக்டர் உன் வயதுப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. டப்பாவை எறியச் சொல்லிவிட்டு, இரவுக்கு ஒரு கிரீம் ஒரு பயறளவு, அதுவும் அவா சொன்ன கிழமைகளுக்கு மட்டும், முகம் கழுவ உறைப்பில்லாத சோப், காய்ந்த தோலுக்கு ஈரப்பதம் தரும் கிரீம், பகலுக்கு வெயில் கிரீம் என்று எல்லாம் சேர்த்து எழுதித் தந்தா. இரவு மருந்துக் கிரீம் மட்டும் போதாது, மற்றப் பூச்சுகள் மட்டும் போதாது, எல்லாம் சேர்ந்தால்தான் வேலை செய்யுமாம். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெயில் கிரீம் என்றால் நான் என்ன நினைப்பேன்? எங்கள் வீட்டில் எண்ணெய் வைத்தால் அது ஊற இளவெயிலில் நிற்பதுதானே வழக்கம். இதுவும் அப்படித்தான், பூசினால் வெயில் காய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் காலையில் முகம் முழுக்க அப்பிக்கொண்டு, காய்கிற நெல்லுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, முகத்தைச் சூரியனுக்கு நேரே நிமிர்த்தி அரை மணித்தியாலம் இருந்தேன். கோழியும் கலைத்தேன். பத்து நாளில் கன்னம் அடிப்பிடித்த சட்டி மாதிரி ஆனது. திரும்பப் போய் முறைப்பாடு சொன்னேன், "ஐயோ அம்மா, இது வெயில் காயுறதுக்கு இல்லை, வெயிலைத் தடுக்கிறதுக்கு" என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. வெளியே இருந்த அப்பா கேட்டுச் சிரித்த சிரிப்பு வீட்டுக்கு வரும் வழியில் பரந்தன் வரைக்கும் ஓயவில்லை.

இப்போது ஒழுங்காகப் பூசுகிறேன், வயலுக்குப் போனால் அகலத் தொப்பி, அதுக்கு மேலே குடை. அடுப்புச் சூடும் கூடாதாம், அதனால் குசினியில் பாதி வேலை அப்பாவுக்கு, அவர் வைக்கும் சொதியைக் குடிக்கிறதும் ஒரு வைத்தியம்தான். நெற்றி நன்றாக வெளித்திருக்கிறது, கன்னம் இன்னும் பிடிவாதம். யோசிச்சதால் வந்ததோ என்று டொக்டரைக் கேட்டேன். வெயில், உடம்பில் சுரக்கும் சுரப்புகள், பரம்பரை என்றுதான் சொன்னா. உன் பெயரே அதில் இல்லை. உனக்கும் என் தோல்தான், அங்கே பனிக்குள்ளும் வெயில் அடிக்குமாம், கிரீம் பூசாமல் வெளியே போகாதே. வயிற்றில் பிள்ளை தங்கினால் என் இரவுக் கிரீம் மாதிரியானதைத் தொடவே கூடாதாம், இதைச் சும்மா ஒரு தகவலாகத்தான் எழுதுகிறேன்.

கோபமே வரவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். எழுத்துச் செய்தி கேட்ட அன்று வந்தது, மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் நெல் அவிக்கிற வேலை வந்தது, கோபத்தையும் வைத்துக்கொண்டு நெல்லும் அவிக்க ஏலாது, அது போய்விட்டது. போனதை உனக்கு நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் பிழை. முகம் முழுதும் தெளிந்த பிறகு உனக்குக் காட்டலாம் என்றுதான் இருந்தேன். எத்தனை நாள் செல்லும் என்று டொக்டரைக் கேட்டதற்கு, "ஒரேயடியாப் போற வருத்தம் இல்லை அம்மா, குறையும், வெயில் பட்டால் திரும்ப வரும், பராமரிச்சுக்கொண்டே இருக்க வேணும்" என்றா. அப்படியென்றால் நான் எதற்காகக் காத்திருக்கிறேன்? என் முகத்தை மறைக்கப் போய் மருமகன் விஜிதரனின் முகத்தையும் அல்லவா பார்க்காமல் விட்டேன். படத்தில் பார்த்ததுதான், சிரித்தால் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல், நிறைந்த வாழ்வு வாழ வேண்டும். பிள்ளையார் துணை நிற்பார். ஞாயிற்றுக்கிழமை இங்கே பின்னேரம் நான்கு மணிக்கு வீடியோவில் எடு, மருமகனையும் பக்கத்தில் இருத்து, வெளிச்சமான இடத்தில் நான் இருப்பேன். கன்னத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் என் கண்ணைப் பார். அங்கே கோபம் இருக்கிறதா என்று நீயே சொல்லு பிள்ளை.

உன் அம்மா,
பிரேமிளா